நீலகிரியின் குடியிருப்புச் சரிவுகளில் நிலத்தடி நீரையும் வடிகாலையும் ஆராய்வது: முழுமையான வழிகாட்டி

குன்னூர், கோத்தகிரி, கேத்தி பகுதிகளின் மலைச்சரிவுகளில் வீடுகளுக்கு நடுவே ஆய்வு செய்யப்போகும் இளம் பொறியாளர்களுக்காகவும், தங்கள் தெரு ஏன் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது என்று தெரிந்துகொள்ள விரும்பும் குடியிருப்போர் சங்கங்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இந்தச் சரிவுகளில் அடியில் இருப்பது சார்னோக்கைட் பாறை. அதன்மேல் பல மீட்டர் தடிமனுக்குச் செம்மண்ணும், செம்மண்ணுக்குக் கீழே பாறை மக்கி உருவான வெளிறிய களிமண்ணும் படிந்திருக்கின்றன. செம்மண் தண்ணீரை எளிதாக உள்ளே விடுகிறது. களிமண் அதைக் கீழே போகவிடாமல் தேக்குகிறது. பெரும்பாலான நிலச்சரிவுகள் இந்த இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் தொடங்குகின்றன.

புதிதாக வருபவர்கள் விரிசலைப் பார்த்த மறுநாளே துளைபோடும் இயந்திரத்தை வரவழைக்க நினைக்கிறார்கள். தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று தெரியாமல் போடும் துளை பெரும்பாலும் தவறான இடத்தில், தவறான ஆழத்தில் நிற்கும். ஆகவே கீழே சொல்லியிருக்கும் வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள்.

1. ஆட்கள் பத்திரமாக இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்

ஆய்வு பல மாதங்கள் நீளும் வேலை. சரிவு அதுவரை காத்திருக்காது. நேற்றுவரை மூடிய கதவு இன்று மூட மறுப்பது, தரையில் விழுந்த விரிசல் ஒரே நாளில் அகல்வது, மின்கம்பமோ மரமோ புதிதாகச் சாய்வது, தெளிவாக ஓடிய ஊற்று கலங்கலாக மாறுவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அளவெடுப்பதை நிறுத்திவிட்டு வருவாய்த் துறையினருக்கோ 1077 என்ற மாவட்டப் பேரிடர் உதவி எண்ணுக்கோ தகவல் சொல்லி, ஆட்களை வெளியேற்றுங்கள்.

நல்ல மழைக்கு நடுவே ஓர் ஊற்று திடீரென்று நின்றுபோவதைப் பலர் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். வெளியேற வேண்டிய தண்ணீர் வெளியேறவில்லை என்றால் அது உள்ளே தேங்கி அழுத்தம் கொடுக்கிறது என்றே கொள்ள வேண்டும். ஓடும் கசிவைவிட நின்றுபோன கசிவுக்குத்தான் நான் அதிகம் அஞ்சுவேன்.

உடனடி ஆபத்து இல்லை என்று உறுதியானால், ஒவ்வொரு விரிசலின் இருபுறமும் ஓர் ஆணி அடித்து, இடைவெளியை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து குறித்துவையுங்கள். விரிசலுக்குள் மழைநீர் இறங்காதபடி களிமண்ணால் அடைத்துத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். சிமென்ட் ஊற்றி அடைத்தால், தரை சற்று நகர்ந்தாலும் சிமென்ட் ஓரத்தில் புதிய பிளவு விழும். தண்ணீர் அதன் வழியே முன்னிலும் எளிதாக இறங்கும்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஆவணங்களில் நான்கு அவசியம்: அந்த இடத்தின் புல வரைபடம், சர்வே ஆஃப் இந்தியாவின் நிலவரைபடம், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் நிலச்சரிவு வாய்ப்பு வரைபடம் (இது அத்துறையின் பூகோஷ் தளத்தில் கிடைக்கிறது), அருகிலுள்ள மழைமானி நிலையத்தின் தினசரிப் பதிவு. இவற்றோடு கூகுள் எர்த்தில் கிடைக்கும் பழைய செயற்கைக்கோள் படங்களையும் ஆண்டுவாரியாகப் பாருங்கள். இப்போது வீடுகள் இருக்கும் இடத்தில் முன்பு ஓடையோ சதுப்போ இருந்ததா என்பதைப் பலமுறை அந்தப் படங்களே காட்டிக்கொடுத்துவிடும். ஓடையை மண்போட்டு மூடி மனையாக்கியிருந்தாலும் தண்ணீருக்கு அந்தப் பழைய வழி மறப்பதில்லை.

நீலகிரியில் மண் அள்ளும் இயந்திரங்களுக்கும் ஆழ்துளை இடுவதற்கும் மாவட்ட நிர்வாகத்தின் கட்டுப்பாடுகள் உண்டு. ஆய்வுத் துளையாக இருந்தாலும் அனுமதிக்கான விண்ணப்பத்தை முதல் வாரமே கொடுத்துவிடுங்கள். அனுமதி வரும்வரை செய்வதற்கு நடை வேலை நிறையவே இருக்கிறது.

கருவிகள் எளியவை: அளவு டேப், மேஸ்திரிகள் பயன்படுத்தும் டியூப் லெவல், திசைகாட்டி, 10 லிட்டர் வாளி, நொடி காட்டும் கடிகாரம், ஒரு மீட்டர் நீள இரும்புக் கம்பி, நீரின் மின்கடத்துத்திறனை அளக்கும் சிறு மீட்டர், குடிநீர்க் குளோரினைச் சோதிக்கும் பெட்டி, சொந்தமாக ஒரு மழைமானி.

மழைமானி எதற்கு என்று கேட்பார்கள். 2009 நவம்பரில் கேத்தியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. மழை கொட்டியபோது, சில கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊர்களில் அதைவிட மிகக் குறைவாகவே பதிவானது. ஒரு பள்ளத்தாக்கில் பெய்த மழையை அடுத்த பள்ளத்தாக்கின் பதிவைக்கொண்டு ஊகிக்க முடியாது.

3. இரண்டு பருவங்களில் போங்கள்

மாவட்டத்தின் கிழக்குப் பகுதியான குன்னூர், கோத்தகிரிப் பக்கத்தைப் பெரிதும் தாக்குவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழை. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கத்தைத் தாக்குவது ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை. உங்கள் சரிவு எதற்கு உட்பட்டது என்று பார்த்து, அதற்கு முந்தைய வறண்ட மாதங்களில் ஒருமுறையும், பெருமழை ஓய்ந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் மறுமுறையும் நடந்து பாருங்கள்.

வறண்ட காலத்து நடை மிகவும் பயனுள்ளது. மார்ச் மாதத்தில் ஈரமாக இருக்கும் இடம் மழையால் ஈரமானதல்ல. அங்கே நிரந்தர ஊற்று இருக்க வேண்டும், அல்லது மேலே யாருடைய குழாயோ தொட்டியோ கசிய வேண்டும். மழைக்காலத்தில் எல்லாமே ஈரமாக இருப்பதால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

4. முகட்டிலிருந்து கீழே நடந்து வாருங்கள்

விரிசல் விழுந்த வீட்டில் தொடங்காதீர்கள். அந்த வீட்டுக்கு வரும் தண்ணீர் முகட்டிலிருந்தே புறப்படுகிறது. முகட்டிலிருந்து ஓடைவரை முழுச் சரிவையும் நடந்து, மேலேயுள்ள சாலை, தேயிலைத் தோட்டத்தின் வாய்க்கால்கள், வெட்டிச் சமப்படுத்திய மனைகள், தண்ணீர்த் தொட்டிகள் ஆகியவற்றை வரைபடத்தில் குறியுங்கள். சாலையில் விழும் மழை எந்தக் கல்வெர்ட்டின் (சாலைக்கு அடியில் நீர் கடக்கும் வழி) வழியாக எங்கே கொட்டுகிறது என்பதைத் தனியே எழுதுங்கள். சாலை நீர் முழுவதும் ஒரே இடத்தில் வீட்டு மனைகளின் தலைக்குமேல் விடப்பட்டிருப்பது இங்கே அடிக்கடி காணும் குறை.

தேயிலை வரிசைகளைக் கவனியுங்கள். வெட்டிய மட்டத்தில் சீராகப் போகும் வரிசை ஓரிடத்தில் தொய்ந்து இறங்கியிருந்தால், அங்கே நிலம் ஏற்கெனவே நகர்ந்திருக்கிறது. காட்டு இஞ்சியும் கோரையும் தழைத்திருக்கும் திட்டுகளையும் விட்டுவிடாதீர்கள்; ஈரம் குறையாத இடத்தை அவை காட்டும்.

5. மனிதர்கள் மண்ணுக்குள் விடும் தண்ணீரைக் கணக்கிடுங்கள்

இந்தப் பகுதியைத்தான் புதியவர்கள் மிகவும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்று வைத்தால் 500 லிட்டர் ஆகும். பாதாளச் சாக்கடை இல்லாத சரிவில் 20 வீடுகள் இருந்தால் நாளுக்கு 10,000 லிட்டர், ஆண்டுக்கு 36.5 லட்சம் லிட்டர். இந்தத் தண்ணீர் உறிஞ்சுகுழிகள் வழியாக அரை ஏக்கர் நிலத்தில், அதாவது ஏறத்தாழ 2,000 சதுர மீட்டரில் இறங்கினால், அது 1,800 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். மழையில் ஒரு பகுதி மேலாகவே வழிந்து ஓடிவிடும், மரஞ்செடிகளும் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சுகுழியில் இறங்கும் நீரோ வேர்களுக்குக் கீழே, நேராக மண்ணுக்குள் போகிறது, கோடையிலும் நிற்பதில்லை. அதனால்தான் மழைக்காலம் தொடங்கும்போதே மண் பாதி நிறைந்த நிலையில் இருக்கிறது.

எனவே வீடு வீடாகப் போய் நான்கு கேள்விகள் கேளுங்கள். செப்டிக் டேங்கின் வெளியேற்றுக் குழாய் எங்கே போகிறது? குளியலறை, சமையலறை நீர் எங்கே விழுகிறது? கூரைநீர் எங்கே இறங்குகிறது? தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தால் எந்தப் பக்கம் ஓடும்? வாயால் சொல்வதோடு விடாமல், ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துக் குறியுங்கள். பதில் சொல்பவர் பெரும்பாலும் வீட்டு அம்மாவாக இருப்பார். குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்பது அவருக்கே சரியாகத் தெரியும். விசாரிக்கும்போது யார்மீதும் குற்றம் சுமத்தும் தொனி வேண்டாம். அபராதத்துக்குப் பயந்து ஒருவர் மறைத்தால் முழுக் கணக்கும் பிசகிவிடும்.

மழைநீர் சேகரிப்புக் குழிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக இருக்கிறது. சமவெளிக்கு அது பெரும் நன்மை. சரியக்கூடிய மலைச்சரிவில் அதே தண்ணீரைக் குழிவெட்டி மண்ணுக்குள் விடுவது ஆபத்தானது. இங்கே கூரைநீரைத் தொட்டியில் சேமித்து, மிகுதியைப் பூசிய வாய்க்கால் வழியாக ஓடைக்குக் கொண்டுபோக வேண்டும். 100 சதுர மீட்டர்க் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர் சேரும் என்பதை நினைவில் வையுங்கள்.

6. ஒவ்வொரு வாய்க்காலையும் அதன் முடிவுவரை பின்தொடருங்கள்

வாய்க்கால் இருக்கிறதா என்பதைவிட, அது எங்கே முடிகிறது என்பதே முக்கியம். நன்றாகப் பூசப்பட்ட வாய்க்கால் பாதிச் சரிவில் மண்ணில் முடிந்தால், அது தண்ணீரைச் சேர்த்துக் கொண்டுவந்து ஒரே இடத்தில் ஊற்றுகிறது. வாய்க்காலே இல்லாதிருந்தால் அத்தனை கேடு விளைந்திருக்காது. மேலிருந்து ஒரு வாளித் தண்ணீரை விட்டு, கீழே வந்துசேர எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். வழியில் மறைந்துபோகும் இடத்தில் அடித்தளம் வெடித்திருக்கும்.

தடுப்புச் சுவர்களில், பின்னால் தேங்கும் நீர் வெளியேற விடப்பட்ட கசிவுத் துளைகள் உலர்ந்திருப்பதைக் கண்டு திருப்தி அடையாதீர்கள். ஒரு சுவரை நான் மழைவிட்ட மறுநாள் பார்த்தேன். மூன்று மீட்டர் உயரம். நடுவில் கை வைத்தால் தெரியும் அளவுக்கு வெளியே பிதுங்கியிருந்தது. ஆனால் 14 துளைகளில் ஒன்றில்கூடச் சொட்டு நீர் இல்லை. உடன் வந்த இளைஞர், சுவருக்குப் பின்னால் தண்ணீர் இல்லை என்று எழுதிக்கொண்டார். கீழ் வரிசைத் துளையொன்றில் கம்பியை ஒரு முழம் செலுத்தி இழுத்ததும், களிமண் கட்டி ஒன்று உருண்டு விழுந்து, செம்பழுப்பு நீர் விரல் பருமனுக்குப் பீய்ச்சியடித்தது. சுவருக்குப் பின்னால் சரளைக்கல் வடிகட்டி வைக்காமல் தோண்டிய மண்ணையே நிரப்பியிருந்ததால் துளைகள் ஒவ்வொன்றாக அடைபட்டிருந்தன. இத்தகைய சோதனையைச் சுவருக்கு நேர் எதிரே நின்று செய்யாதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள்.

7. வெளிவரும் நீரை அளந்து அடையாளம் காணுங்கள்

ஒவ்வொரு ஊற்றுக்கும் கசிவுக்கும் எண் கொடுங்கள். வாளி நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று அளந்து எழுதுங்கள். 10 லிட்டர் வாளி 40 நொடியில் நிறைந்தால் நாளுக்கு 21,600 லிட்டர். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே ஆள் அளப்பது நல்லது. நீர் தெளிவா கலங்கலா என்பதையும் எழுதுங்கள். கலங்கல் என்றால் உள்ளே மண் அரிக்கப்படுகிறது. மண்ணுக்குள் குழல்போன்ற வழி உருவாகிக்கொண்டிருக்கலாம்.

அடுத்து, அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. இயற்கை ஊற்றின் மின்கடத்துத்திறன் இங்கே பொதுவாகக் குறைவு; கழிவுநீர் கலந்தால் தெளிவாக உயரும். குளோரின் தெரிந்தால் குடிநீர்க் குழாய் உடைந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் குளோரின் தெரியவில்லை என்பதால் குழாய் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். மண்ணுக்குள் சிறிது தூரம் போவதற்குள் குளோரின் அழிந்துவிடும்.

சந்தேகம் தீராவிட்டால் ஃப்ளூரசீன் என்ற பச்சைச் சாயத்தைப் பயன்படுத்தலாம். ஒரு நேரத்தில் ஒரு வீட்டில் மட்டும் சிறிதளவு போட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கீழே தள்ள வேண்டும். கீழேயுள்ள கசிவுகளில், வெயில் படாத நிழலில், கரித்துண்டுகள் நிரப்பிய துணிப்பையைக் கட்டிவைத்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு சாயத்தையும் கரி பிடித்துவைக்கும். சாயம் போட்டவர் கையில் ஒட்டிய துகள் மாதிரியில் பட்டாலே முடிவு கெட்டுவிடும். ஆகவே சாயம் போடுபவரும் மாதிரி எடுப்பவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். இரண்டு வாரம் பொறுத்திருங்கள். குடிக்க நீர் எடுக்கும் ஊற்று கீழே இருந்தால், ஊராரிடம் முன்கூட்டியே சொல்லி அவர்கள் சம்மதம் பெற்ற பிறகே தொடங்குங்கள்.

8. இப்போது துளையிடுங்கள்

நடையில் கிடைத்த வரைபடத்தைக்கொண்டு மேல், நடு, அடி என்று ஒரே கோட்டில் குறைந்தது மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒரு துளை நீர்மட்டத்தைச் சொல்லும். மூன்று துளைகளே அது அந்தக் கோட்டில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று சொல்லும். ஆழம் கெட்டியான பாறைக்குள் சிறிது தூரம் போக வேண்டும். உருண்டு நிற்கும் பெரிய கல்லை அடிப்பாறை என்று நினைத்து நிறுத்திவிடுவது இந்த மண்ணில் அடிக்கடி நேரும் பிழை.

இயன்றவரை தண்ணீர் ஊற்றாமல் துளையிடச் சொல்லுங்கள். ஊற்றிய நீரா, மண்ணின் நீரா என்று பிறகு பிரிக்க முடியாது. தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் துளையிலுள்ள நீர்மட்டத்தை அளந்துகொள்ளுங்கள். இரவு முழுதும் அமைதியாக நின்ற அந்த மட்டமே நம்பத்தக்கது. மண் மாதிரியில் சாம்பலும் துருவும் திட்டுத்திட்டாகக் கலந்திருந்தால், நீர்மட்டம் அந்த ஆழத்தில் ஏறி இறங்கியிருக்கிறது. கோடையில் துளை உலர்ந்து கிடந்தாலும் மழைக்காலத்து உச்சமட்டத்தை இந்த நிறம் ஓரளவு சொல்லிவிடும்.

9. நீர்மட்டக் குழாயைச் சரியாகப் பதியுங்கள்

ஓர் அங்குல பிவிசி குழாயின் அடி ஒரு மீட்டருக்கு மட்டும் துளைபோட்டு, வடிதுணி சுற்றி, அந்தப் பகுதியைச் சுற்றி மணல் நிரப்புங்கள். மணலுக்கு மேலே குறைந்தது அரை மீட்டர் பென்டோனைட் களி (நீர்பட்டால் ஊதி இடைவெளியை அடைக்கும் களிமண்) அடைப்பு வேண்டும். குழாய் முழுக்கத் துளைபோடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அப்படிச் செய்தால் களிமண்ணுக்கு மேல் தேங்கிய நீர் குழாய் வழியே கீழ் அடுக்குக்கு இறங்கிவிடும். வாசிப்பு எந்த அடுக்கினுடையதும் ஆகாது, சரிவுக்கும் நாமே தீங்கு செய்தவர்கள் ஆவோம்.

முக்கியமான இடத்தில் செம்மண் அடுக்குக்கு ஒன்று, அதற்குக் கீழே ஒன்று என்று இரண்டு குழாய்கள் வையுங்கள். மேல் குழாயில் மட்டம் உயரமாக இருந்தால் நீர் களிமண்மேல் தேங்கி நிற்கிறது. கீழ்க் குழாயில் மட்டம் உயரமாக இருந்தால் அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்தம் வருகிறது. சரிவின் அடிவாரத்தில் இது மிகவும் அபாயமானது.

உச்சமட்டம் பெரும்பாலும் நள்ளிரவு மழையில் வந்து, விடிவதற்குள் இறங்கிவிடும். மின்னணுப் பதிவுக் கருவிக்குப் பணமில்லாவிட்டால், சிறு கோப்பைகளை 25 செ.மீ. இடைவெளியில் நூலில் கட்டிக் குழாய்க்குள் இறக்குங்கள். மறுநாள் இழுத்துப் பார்த்தால், நீர் நிறைந்திருக்கும் மிக உயரமான கோப்பை உச்சமட்டத்தைக் காட்டும். ஹாங்காங்கின் சரிவுகளில் நெடுநாள் பயன்பட்ட எளிய முறை இது.

10. மழையையும் மட்டத்தையும் ஒரே தாளில் வரையுங்கள்

அன்றைய மழையோடு முந்தைய 3 நாள், 15 நாள் கூட்டுமழையையும் நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் வரையுங்கள். மழை பெய்த சில மணி நேரத்தில் மட்டம் ஏறினால் விரிசலோ மண்குழலோ வழியாக நீர் நேரே இறங்குகிறது. சில நாள் கழித்து ஏறினால் மண்ணின் வழியே மெதுவாகப் போகிறது. மழையே இல்லாமல் ஏறினால் ஐந்தாம் படிக்குத் திரும்பி, வீடுகளின் கணக்கை மறுபடி பாருங்கள். குறைந்தது ஒரு முழு மழைப்பருவம் வாசிக்காமல் முடிவு எழுதாதீர்கள்.

ஒரு மீட்டர் நீர்மட்டம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. 30 பாகைச் சரிவு, 3 மீட்டர் ஆழத்தில் வழுக்கும் தளம், கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் எடையுள்ள மண், உராய்வுக் கோணம் 32 பாகை, ஒட்டுவிசை 5 கிலோபாஸ்கல் என்று எடுத்துக்கொண்டால், உலர்ந்த நிலையில் பாதுகாப்புக் காரணி, அதாவது மண்ணைப் பிடித்துநிறுத்தும் விசைக்கும் கீழே இழுக்கும் விசைக்கும் உள்ள விகிதம், 1.30 வருகிறது. வழுக்குத் தளத்துக்கு மேல் நீர் ஒரு மீட்டர் நின்றால் 1.10, ஒன்றரை மீட்டர் நின்றால் 1.00, அதாவது சரியும் தறுவாய். மண்ணின் பலத்தில் எந்த மாற்றமும் இல்லை. நீர் கொடுக்கும் அழுத்தம் மட்டுமே வேறுபாடு.

11. கண்டதற்கு ஏற்ற வடிகாலைப் பரிந்துரையுங்கள்

கழிவுநீரே முதன்மைக் காரணம் என்றால், உறிஞ்சுகுழிகளை மூடிக் குழாய்வழியாகச் சரிவுக்கு வெளியே கொண்டுபோவதே முதல் வேலை. சுவர் அதற்குப் பிறகுதான். மேலிருந்து வழியும் நீர் என்றால் அதைத் தடுத்துத் திருப்பிவிடும் பிடிவாய்க்கால் முகட்டில் வேண்டும்; அது பூசப்பட்டிருக்க வேண்டும். பூசாமல் வெட்டிவிட்ட பிடிவாய்க்கால் சரிவின் தலையில் தண்ணீரை ஊறவைக்கும் குழியாகிவிடும். ஆழத்தில் தேங்கும் நீர் என்றால், வெளிநோக்கி நீர் வடியும்படி, உள்முனை உயர்ந்து 5 முதல் 10 பாகை சாய்ந்திருக்கும் துளைக்குழாய்களைச் சரிவுக்குள் செலுத்தலாம். அவற்றை எந்த உயரத்தில் வைப்பது என்பதை உங்கள் நீர்மட்டக் குழாய்களின் வாசிப்பே சொல்லும்.

12. வரைபடத்தை அங்கே வாழ்பவர்களிடம் கொடுங்கள்

ஊற்றுகள், வாய்க்கால்கள், குழாய்கள் எல்லாம் எண்ணோடு குறித்த ஒரு தாளைச் சங்கத்தாரிடம் கொடுத்து, செப்டம்பர் மாதமே வாய்க்கால்களைத் தூர்வாரி, கசிவுத் துளைகளைக் கம்பியால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நீர்மட்டக் குழாயின் எண்ணை மூடியிலும் அருகிலுள்ள சுவரிலும் பெயின்ட்டால் எழுதுங்கள். மேல்முனையை யாராவது அறுத்துவிட்டால் பழைய வாசிப்புகள் பொருந்தாமல் போகும்; ஆகவே அதன் உயரத்தையும் அருகே குறித்துவையுங்கள். மூடியின் சாவி ஒன்றைச் சங்கத்தாரிடமும் மற்றொன்றை மேல்தெருவில் எப்போதும் குடியிருக்கும் ஒருவரிடமும் கொடுத்து, அளக்கவும் எழுதவும் கற்றுக்கொடுங்கள். பெருமழை இரவில் சாலை அடைபட்டால் நம்மால் அங்கே போய்ச்சேர முடியாது.